தலைக்குள் கசிந்ததும் கையில் எடுத்ததும்

"கையிலை எடுத்த இரத்தத்தைப் பாத்து மண்டைக்குள்ளை நடக்கிறதைச் சொல்லுவியோ? நீ என்ன சாத்திரக்காரியோ?"

ஆஸ்பத்திரி ஆய்வுகூட யன்னலில் நின்று கந்தையா அண்ணை என்னிடம் இப்படிக் கேட்டார். அவருடைய தம்பி தவராசா கொடிகாமம் சந்தையில் மரக்கறி விற்பவர். அன்று காலை வாழைக்குலை ஒன்றைத் தூக்கும்போது சரிந்து விழுந்துவிட்டார். மூளைக்குள் இரத்தம் கசிந்திருப்பது ஸ்கானில் தெரிந்தது. தம்பியின் இரத்த மாதிரியை நோயாளர் வாட்டிலிருந்து கொண்டுவந்த கையோடுதான் அண்ணை இந்தக் கேள்வியைக் கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. உரும்பிராயில் மற்றவர்களின் தோட்டத்தில் வெங்காயம் நட்டுப் பிழைக்கும் குடும்பம் எங்களுடையது. பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகம் போய் மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பம் படித்து, என் பெயர் குத்திய வெள்ளைக் கோட்டோடு அந்த யன்னலில் நிற்கிறேன். அது எனக்குப் பெருமைதான். மறைக்க மாட்டேன்.

"சாத்திரமில்லை அண்ணை, எண்ணிப் பாக்கிறது," என்றேன்.

எதை எண்ணுகிறோம்

இந்த வேலைக்கு வரப்போகிறவர்களுக்காகச் சொல்கிறேன். மூளைக்குள் இரத்தம் கசிந்தால் உடல் அதைக் காயமாகவே எடுத்துக்கொள்ளும். அழற்சி தொடங்கும். இரத்தத்தின் வெள்ளைக் கலங்களில் நியூட்ரோபில் என்ற வகை பெருகும், லிம்போசைட் என்ற வகை குறையும். முன்னதைப் பின்னதால் வகுத்தால் வரும் விகிதத்தை என்.எல்.ஆர். என்போம். சீ.ஆர்.பி. என்ற புரதமும் அழற்சியோடு சேர்ந்து ஏறும். இவை கூடியிருப்பவர்கள் தேறுவது பெரும்பாலும் கடினம் என்று பல இடங்களில் கண்டிருக்கிறார்கள். எங்கள் நரம்பியல் டொக்டர் அம்மாவும் இப்படியான நோயாளிகளின் ரிப்போட்டில் விகிதத்தை எழுதித் தரச் சொல்லியிருந்தார்.

எண்ணிக்கையை மெஷின் தந்துவிடும். தவராசாவின் விகிதம் மிகவும் கூடியிருந்ததால் நானும் ஒரு துளியைக் கண்ணாடித் தட்டில் இழுத்து, சாயமிட்டு, மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். பார்த்த இடமெல்லாம் நியூட்ரோபில், மடல் மடலாகப் பிரிந்த ஊதாக் கரு. லிம்போசைட்டைத் தேட வேண்டியிருந்தது.

மண்டையோட்டுக்குள் பூட்டிக் கிடக்கும் கசிவை முழங்கை மடிப்பில் எடுத்த ஒரு துளி அறிந்து வைத்திருக்கிறது! பரீட்சைக்குப் பாடமாக்கியதுதான். கண்ணால் கண்டபோது மேனி சிலிர்த்தது.

வான் வந்து நின்றது

மறுநாள் கந்தையா அண்ணை திரும்பவும் வந்தார். குரலில் பகிடி இல்லை. வாட்டில் இளம் டொக்டர் ஒருவர், "விகிதம் கூட, நல்லதில்லை" என்று கதைத்தது அவர் காதில் விழுந்திருக்கிறது.

"பிள்ளை, உந்த இலக்கம் சரிதானே?"

"ஓம் அண்ணை, சரி."

"அப்ப முடிஞ்சுது. உயிர் எங்கடை வீட்டிலை போகட்டும். சந்தையிலை மரக்கறி ஏத்துற வானொண்டு பிடிச்சிட்டன்."

நேற்றுச் சிரித்தவர் இன்று அதே இலக்கத்தைச் சாத்திரி குறித்துக் கொடுத்த நாளைப்போல நம்பிவிட்டார். தப்பமாட்டார் என்றால் ஆளை வீட்டுக்குக் கொண்டுபோவது எங்கள் பக்கத்து வழக்கம். அதில் இருப்பது அன்புதான். ஆனால் அந்த வானில் ஒட்சிசன் இல்லை, மருந்தும் இல்லை. நான் எழுதிய இலக்கம் ஒரு மனிதனை அதில் ஏற்றப்போகிறது.

டொக்டர் அம்மாவுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு வாட்டுக்கு ஓடினேன்.

தவராசாவின் மனைவி இராசமலர் கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றார். "மூச்சு விடுற மனுசனை ஆர் அண்ணை வானிலை ஏத்துறது?"

"நான் ஆசைக்கோ சொல்லுறன்? இரத்தம் பாத்தவையே சொல்லுகினம்!"

இராசமலர் என் பக்கம் திரும்பினார். "நீயோ பிள்ளை சொன்னனி, இவர் தப்பமாட்டாரெண்டு?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை அக்கா. எண்ணினதைத்தான் எழுதினனான்."

அதற்குள் டொக்டர் அம்மா வந்துவிட்டார். "ஐயா, இதே மாதிரி விகிதத்தோடை வந்து நடந்து போனவையும் இருக்கினம். கன பேரைப் பாத்து வந்த கணக்கு இது. ஆரைக் கூடக் கவனிக்கோணும் எண்டு எங்களுக்குச் சொல்லும். ஆரைக் கைவிடலாமெண்டு சொல்லாது."

"அப்ப தப்புவானோ?"

"எனக்குத் தெரியாது. அடுத்த இரத்தம் பாக்குமட்டும் ஆளை இங்கை விடுங்கோ."

கந்தையா அண்ணை குனிந்து தம்பியின் போர்வையை இழுத்துவிட்டார். இராசமலர்தான் முடித்துவைத்தார்: "வானைப் போகச் சொல்லுங்கோ. கத்தரிக்காய் ஏத்தட்டும்."

அந்த விகிதம் கூடியவர்களுக்கு நெஞ்சில் கிருமி தொற்றும் ஆபத்து அதிகம் என்பதால் டொக்டர் அம்மா தவராசாவின் நெஞ்சைத் திரும்பத் திரும்பப் பரிசோதித்தார். நியூமோனியா தொடங்குவது வேளைக்கே பிடிபட்டது. மருந்து ஏறியது. சீ.ஆர்.பி. இறங்கத் தொடங்கியது. அடுத்த தட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்தபோது லிம்போசைட்டுகள் தேடாமலே கண்ணில் பட்டன. கருத்த, உருண்டை உருண்டையான கலங்கள். மழை விட்ட மறுநாள் தோட்டத்தில் முளைகளைக் கண்டதுபோல இருந்தது. தட்டை எடுக்க மனம் வராமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தவராசா பிழைத்தார். வலது கை இன்னும் மந்தம். சொற்கள் ஆறுதலாக, ஒவ்வொன்றாகத்தான் வரும். கிளினிக்குக்கு வந்த அன்று அண்ணன் யன்னலில் எட்டிப் பார்த்து, "சாத்திரக்காரி, இண்டைக்கு என்னவாம்?" என்றார்.

"என்னை... வானிலை... ஏத்த வந்த ஆள்," என்றார் தம்பி, அண்ணனைக் காட்டி. கந்தையா அண்ணை சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணையும் துடைத்தார்.

நான் கற்றது இதுதான்: இலக்கம் சரியாக இருந்தால் மட்டும் போதாது, அது எந்தக் கேள்விக்கு விடை என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

"நீங்கள் கணக்குச் சொன்ன அந்தக் கன பேருக்குள்ளை எங்கடை பக்கத்து ஆக்கள் இருக்கினமோ, டொக்டர்?" என்று பிறகு டொக்டர் அம்மாவைக் கேட்டேன்.

"நல்ல கேள்வி. நீரே பாருமன்," என்றார்.

எங்கள் பக்கத்து நோயாளிகளில் இந்த விகிதம் என்ன சொல்கிறது என்று பார்க்கத் தொடங்கிவிட்டேன். பட்ட மேற்படிப்புக்குப் பதிந்து, ஆய்வுக்கான அனுமதியும் எடுத்தாயிற்று. இன்று காலை, வீட்டாரின் சம்மதத்தோடு முதல் நோயாளியின் இரத்த மாதிரி வந்தது. குழாயில் என் கையால் 'ஒன்று' என்று எழுதி மெஷினில் வைத்தேன்.