தொட்டிலில் கிடந்த குழவி

அறுபத்து நான்காம் வருடம், மழைக்காலம். மாதுங்காவில் ஒற்றை அறையும் சமையற்கட்டுமாக எங்கள் குடித்தனம். பையனுக்கு ஏழு மாதம். அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் அடங்குவதில்லை.

திலக் நகரிலிருந்து என் கணவரின் ஆபீஸ் நண்பர் வந்திருந்தார். காலை இங்கிலீஷ் பேப்பரில் வந்த கட்டுரையைப் பற்றிப் பேச்சு. அயர்லாந்தில் ஓடைக்கரைகளில் கரிந்த கற்கள் மேடு மேடாகக் கிடக்கின்றனவாம். சரித்திரத்துக்கு முந்திய மனிதர்கள் கல்லைப் பழுக்கக் காய்ச்சி, குழித் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்திருக்கலாமாம். எதற்காக என்பதுதான் தெரியவில்லை.

"மாம்சம் வேகவைக்கத்தான்" என்றார் கணவர்.

"குளிக்கறதுக்கு ஓய்! அந்தக் குளிர்ல வேறென்ன பண்ணுவான்?" என்றார் நண்பர்.

"முதல்ல கொதிக்கறதான்னு பாத்துடுவோம்" என்று எழுந்த கணவர், அறையிலேயே இருந்த கும்மட்டி அடுப்பின் கரி நெருப்பில் எங்கள் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தார். பிள்ளை கல் மாதிரி திடமாக இருக்கவேண்டும் என்று, தொட்டிலிட்ட அன்று குளிப்பாட்டிப் பொட்டிட்டு, அவனுக்கு முன்னால் தொட்டிலில் கிடத்திய குழவி அது.

"ஏன்னா, அது வேண்டாமே."

"கல்லுக்கு என்னடி ஆகும்?"

நானும் அந்தக் கட்டுரையைப் படித்திருந்தேன். மேட்டில் கிடப்பவை எல்லாம் சூட்டில் வெடித்த கற்கள் என்று அதில் இருந்தது. சொல்ல வாய் வரை வந்தது. வந்தவர் முன்னால் அவரைத் திருத்துவதா, நான்தான் தப்பாகப் படித்தேனோ என்று குழம்பி, காப்பி கலக்கப் போய்விட்டேன். அதே அறையில் பையன் தூங்கிக்கொண்டிருந்த தொட்டிலை நகர்த்தக்கூட இல்லை.

இருவரும் இரண்டு இடுக்கிகளால் குழவியைத் தூக்கி அண்டாத் தண்ணீரில் போட்டார்கள். பட்டாசு வெடித்த மாதிரி சத்தம். ஓடி வந்தேன். சூடு ஆறாத சில்லு ஒன்று தொட்டில் துணிக்குள், பையனின் காலருகே கிடந்தது. அவன் வீறிட்டான். நல்லவேளை, ஒரு கீறல் இல்லை.

"கொதிச்சுடுத்து, பாத்தியா!" என்றார் கணவர், அண்டாவைப் பார்த்தபடி.

கல்யாணமானதிலிருந்து அவரிடம் குரல் உயர்த்தியதில்லை. அன்று கத்தினேன். "அண்டாவை என்ன பாக்கறேள்? கொழந்தையைப் பாருங்கோ! ரெண்டு சாண் மேல விழுந்திருந்தா கண்ணு போயிருக்கும்!"

"மன்னி, நான் அப்பறமா வரேன்" என்று நண்பர் செருப்பைக் கால் மாற்றி மாட்டிக்கொண்டு இறங்கினார். தொட்டிலுக்குள் பார்த்த கணவர் முகம் வெளுத்து உட்கார்ந்துவிட்டார்.

அவர்மேல் எனக்குப் பாதிக் கோபம்தான். மீதி, படித்தும் வாயை மூடிக்கொண்டவள்மேல். உடைந்த குழவியில் ஒரு துண்டைச் சமையற்கட்டு ஜன்னலில் வைத்திருக்கிறேன். அயர்லாந்துக் கற்கள் எதற்கென்று படித்தவர்கள் வாதாடட்டும். இந்தக் கல், சொல்லலாமா வேண்டாமா என்று நான் தயங்கும்போது பார்ப்பதற்கு.