மான்களுக்குப் பிடிக்காத ஃபோர்-ஸ்ட்ரோக்

ரவ்னாவுக்கு நாற்பத்தாறு வயதாகியும் ஒரு பழக்கம் விடவில்லை. எதையாவது பார்த்துவிட்டு ‘ஏன்?’ என்று தோன்றிவிட்டால் போதும், பதில் கிடைக்கிறவரை அதன் வாலைப் பிடித்துக்கொண்டே போவாள். ஒரு குளிர்காலம் முழுக்க ஊரைச் சுற்றியிருந்த மூன்று ஏரிகளிலும் வாரம் தவறாமல் துளை போட்டு, எதில் பனிக்கட்டி முதலில் தடிக்கிறது என்று அளந்தாள். அளக்கச் சொல்லி யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளைக் கட்டிக்கொண்டவன் இரண்டே வருஷத்தில் தெற்கே போய்விட்டான். “தூக்கத்துலகூட கேள்வி கேக்குறா” என்று போகிற இடமெல்லாம் சொன்னானாம். அது பொய் என்று ரவ்னாவும் எங்கேயும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அப்பா விட்டுப்போன வீட்டில் அவளும் தம்பி நீலாஸும்தான். பிழைப்பு துருவமான்கள். எத்தனை என்று ஒருவர் வாயைக் கிளறுவது அந்தப் பக்கத்தில் மரியாதை இல்லை, அதனால் இங்கேயும் அந்தக் கணக்கு வேண்டாம். ஜனவரி பிறந்தால் மான்கள் பனியைத் தோண்டிப் பாசி எடுக்கத் திணறும். சதுப்புவெளி தாண்டி, பைன் காட்டு ஓரத்துக்குத் தினமும் வைக்கோலும் தீனி மூட்டையும் கொண்டுபோய்ப் போடவேண்டும். அந்த வேலை ரவ்னாவுடையது.

பன்னிரண்டு வருஷமாக அவளிடம் இருந்தது பழைய டூ-ஸ்ட்ரோக் பனிஸ்கூட்டர். நல்ல வண்டிதான். ஆனால் அந்த டூ-டி ஆயில் புகை தலைமுடியில் ஏறும், தலையணையில் ஏறும், போகும் வழியில் தின்ன வைத்திருக்கும் ரொட்டியில்கூட ஏறும். போன வசந்தத்தில் கால்நடை மருத்துவர் ஒரு ஃபோர்-ஸ்ட்ரோக்கில் வந்திருந்தார். என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது, அவரும் ரவ்னாவும் குரலை உயர்த்தாமல் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கே அவள் மனம் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. டிசம்பரில் ஒன்று வாங்கிவிட்டாள்.

நீலாஸ் புது வண்டியை இரண்டு முறை சுற்றி வந்தான். பின்பக்கத்தைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தான், அசையவில்லை.

“இது வண்டி இல்லக்கா, தையல் மிஷினு. அதுவும் இரும்பு மேஜையோட சேத்து வித்துட்டான்.”

“உன் வண்டி மட்டும் என்னவாம்? புகைபோக்கிக்குச் சக்கரம் வெச்ச மாதிரி.”

“பனிச்சேத்துல மாட்டிக்கிட்டா என்னைக் கூப்பிடாதே.”

“கூப்பிட மாட்டேன். உன் சத்தத்துல நான் கூப்பிடுறது உனக்குக் கேக்கவா போகுது?”

முதல் நாள் புது வண்டியில் அவள் சுகமாகப் போனாள். கைப்பிடியில் சூடு, பின்னால் கட்டிய தீனிச் சறுக்குவண்டி இருப்பதே தெரியாத இழுவை. தீனி போடும் இடத்தில் நின்றபோதுதான் பார்த்தாள், அங்கே ஒரு மான்கூட இல்லை. எப்போதும் அவள் சதுப்புவெளியில் பாதி வருவதற்குள் மரங்களின் விளிம்பில் வந்து நின்றுவிடும். இறங்கி மூட்டையைத் தொடுவதற்குள், கருத்த தோலும் ஒற்றைக் கொம்புமாக முசெத் என்ற கிழட்டுப் பெண்மான் முன்னால் நடந்து வரும், மற்றதெல்லாம் அதன் பின்னால். இன்றைக்கு முசெத் மரங்களுக்கு உள்ளேயே நின்று பார்த்தது. என்ஜின் பூனை மாதிரி உறுமிக்கொண்டிருக்க, ரவ்னா தீனியைப் பரப்பினாள், அரைமணி நேரம் காத்திருந்தாள். வரவில்லை. வீடு திரும்பினாள். மறுநாள் போனால் தீனி சுத்தமாகக் காலி. அவள் போன பிறகு வந்து தின்றிருக்கின்றன.

“தின்னுச்சில்ல? அப்புறம் என்ன?” என்றான் நீலாஸ்.

“கிட்ட வந்தாத்தானடா எது நொண்டுது, எது இளைச்சிருக்குன்னு தெரியும்?” என்று பேச்சுக்குச் சொன்னாளே தவிர, அவளைக் குடைந்தது அது இல்லை. பன்னிரண்டு வருஷமாக இந்த மான்கள் எதைக் கேட்டு, எதை மோந்து, எதைப் பார்த்து வந்துகொண்டிருந்தன? சத்தமா? புகை நாற்றமா? இல்லை, அவளையா? தன்னைத்தான் என்று இத்தனை நாளும் உள்ளுக்குள் ஒரு நினைப்பு இருந்திருக்கிறது. அது இப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

முதலில் அதையே சோதித்தாள். தன் பழைய வண்டியில் தன் மேல்கோட்டைப் போட்டு நீலாஸை அனுப்பினாள். மான்கள் வந்தன. மறுநாள் மெக்கானிக் தைஸ்தோவின் சிவப்புக் கோட்டைக் கடன் வாங்கி, அதைப் போட்டு அனுப்பினாள். அப்போதும் வந்தன. புதர் மறைவில் குப்புறப் படுத்து அதைப் பார்த்தபோது கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

“என்னை எந்தத் துணியில பாத்தாலும் அதுங்களுக்குப் பிடிக்குது” என்றான் நீலாஸ். “அழகு அப்படி.”

கோட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனவள் தைஸ்தோவின் பட்டறையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தைஸ்தோ ஊருக்கே வண்டி பார்க்கிறவர், சனிக்கிழமை ராத்திரிகளில் ஊர் நடன அரங்கத்தையும் நடத்துகிறவர், வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடும்.

“அண்ணே, ரெண்டு என்ஜினுக்கும் அப்படி என்னதான் வித்தியாசம்?”

தைஸ்தோ காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். “பெட்ரோலும் காத்தும் உள்ள வரணும், அமுக்கணும், வெடிக்கணும், புகைய வெளிய தள்ளணும். நாலு வேலை. ஃபோர்-ஸ்ட்ரோக் இருக்கே, அது பெரிய வீட்டு விருந்தாளி. ஒரு வேலை முடிஞ்சாத்தான் அடுத்தது. பிஸ்டன் ரெண்டு தரம் மேல கீழ போனா ஒரு தடவை வெடிக்கும். டூ-ஸ்ட்ரோக் அப்படி இல்லம்மா. வாயில ரொட்டிய வெச்சுக்கிட்டே பேசுற ஆளு. பிஸ்டன் ஒவ்வொரு தரம் ஏறி எறங்கும்போதும் ஒரு வெடி. அதான் அவ்வளவு துள்ளல். பாதி பெட்ரோல் எரியாம வெளிய சிந்தும். போதாக்குறைக்கு ஆயிலையும் பெட்ரோலோட சேத்துக் குடிச்சு எரிக்குது.”

“அப்ப சத்தமும் வேற, நாத்தமும் வேற.”

“எடையும் வேற. உன்னோடது பனிச்சேத்துல உக்காந்தா, எழுப்ப ஊரு வேணும்.” பிறகு அவளைச் சந்தேகமாகப் பார்த்தார். “உன் மூஞ்சி சரியில்லையே. என்னத்துக்கு இதெல்லாம்?”

“உங்க நடன அரங்கத்து ஒலிபெருக்கி வேணும்ண்ணே. பேட்டரில ஓடுற சின்னது.”

அடுத்தது நாற்றம். பழைய வண்டியின் புகைக்குழாயில் படிந்திருந்த டூ-டி ஆயில் கசடில் கந்தலைத் தோய்த்துப் புது வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு போனாள். மான்கள் மூக்கைத் தூக்கின. இரண்டு இளசுகள் பத்தடி வைத்துவிட்டு, வெட்கப்பட்டதுபோல நின்றுவிட்டன. அவ்வளவுதான்.

சத்தத்தைச் சோதிக்க நினைத்த காலையில் குளிர் மைனஸ் முப்பத்தெட்டுக்கும் கீழே போயிருந்தது. புது வண்டியின் சாவியைத் திருகினாள். பேட்டரி ஒரு முனகலோடு படுத்துவிட்டது. கயிறு இழுத்துக் கிளப்பும் வசதி அதில் இல்லை. நீலாஸ் தன் டூ-ஸ்ட்ரோக்கின் கயிற்றை மூன்று முறை இழுத்தான். முற்றம் முழுக்க நீலப்புகை. அந்தப் புகைக்குள் நின்றபடி அக்காவுக்குத் தொப்பியைத் தூக்கி வணக்கம் வைத்தான்.

“சரி சரி, ஒரு பாயிண்ட் உனக்கு” என்றாள் ரவ்னா.

இரண்டு நாள் கழித்துக் குளிர் கொஞ்சம் விட்டது. பழைய வண்டியின் சத்தத்தைக் கைபேசியில் அரைமணி நேரம் பதிந்துகொண்டு, ஒலிபெருக்கியைச் சறுக்கில் கட்டி, சத்தத்தை முழுக்க ஏற்றிவிட்டுப் போனாள். தீனியிடம் வந்ததும், இரண்டு சத்தமும் கலக்கவேண்டாம் என்று புது என்ஜினை நிறுத்தினாள். ஒலிபெருக்கி மட்டும் ‘டர்ர்ர்’ என்று அலறிக்கொண்டிருந்தது. மான்கள் மரங்களை விட்டு வெளியே வந்தன! ரவ்னா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஐம்பதடியில் முசெத் நின்றது. அதோடு எல்லாம் நின்றன. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், ஒன்றும் நகரவில்லை.

அந்த நேரம் பார்த்துக் குளிரில் கைபேசி செத்துப்போனது. காடு முழுக்க ஒரே அமைதி. முசெத் காதை ஒரு முறை ஆட்டியது. பிறகு, ஏதோ கதவு திறந்துவிட்ட மாதிரி, நேராக நடந்து வந்து அவள் கையிலிருந்த மூட்டையிலேயே மூக்கை விட்டது. பின்னால் மற்றவை. தன்னைச் சுற்றி அத்தனை மூச்சும் ஆவியாக எழ, ரவ்னா அசையாமல் நின்றாள். கால்களைப் பார்க்கவேண்டும், நொண்டுவதைக் கண்டுபிடிக்கவேண்டும் என்பதெல்லாம் சுத்தமாக மறந்துபோனது.

வீட்டுக்கு வந்ததும் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

“நீலாஸ், தீனி போடுற எடத்துல நாம ஏன் எப்பவும் வண்டிய நிறுத்திடுறோம்?”

“நிறுத்தலைன்னா பிளக் அடைச்சுக்கும்ல. சும்மா ஓடவிட்டா ஆயில் பூரா பிளக்குலதான் போய் உக்காரும். அப்பா காலத்துலேர்ந்தே அப்படித்தான்.”

“மந்தைய மடக்கி ஓட்டுறப்போ?”

“அப்ப எதுக்கு நிறுத்தப்போறோம்? விடாம முறுக்கிக்கிட்டே...” என்று ஆரம்பித்தவன், கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

“அதான்டா. ஓடுற என்ஜின் தொரத்துற என்ஜின். நின்ன என்ஜினுதான் சோறு. தூரத்துல சத்தம் கேட்டா எட்டிப் பாக்குதுங்க, நின்னாத்தான் வருதுங்க. என் புது வண்டி தேமேன்னு ஓடிக்கிட்டே நிக்குது. அதுங்க பயப்படாம என்ன செய்யும்?”

“உன் தையல் மிஷினுக்கு ஒழுக்கம் ஜாஸ்தி, அதான் குத்தம்ங்கிறே.”

மறுநாள் புது வண்டியில் போய், போன உடனே நிறுத்தினாள். மான்கள் எட்டிப் பார்க்கவே நேரமெடுத்தன, அந்தச் சத்தம் இன்னும் பழகவில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் முசெத் வந்தது. ரவ்னாவுக்கு அது போதவில்லை. மறுபக்கமும் பார்க்கவேண்டும், டூ-ஸ்ட்ரோக்கை நிறுத்தாமல் விட்டால் என்ன ஆகும்?

“முடியாது” என்றான் நீலாஸ்.

“ஒரு நாள்.”

“என் பிளக்கு!”

“ஒரே ஒரு நாள்டா. சாப்பாட்டுக்கு அப்புறம் பாத்திரம் நான் கழுவுறேன், வாரம் பூரா.”

இருவரும் ஆளுக்கொரு வண்டியில் போனார்கள். ரவ்னா சதுப்புவெளியின் நடுவிலேயே தன்னுடையதை நிறுத்திவிட்டு நடந்து வந்தாள். நீலாஸின் வண்டி தீனிக்குப் பக்கத்தில் புகைவிட்டபடி குதித்துக் குதித்து ஓடிக்கொண்டிருந்தது. மான்கள் வந்து விளிம்பில் நின்றன. நின்றபடியே இருந்தன. நீலாஸ் தன் என்ஜினையும் மான்களையும் மாறி மாறிப் பார்த்தான். பத்து நிமிஷம் ஆனதும் வண்டி இருமியது, துப்பியது, ஒரு குலுக்கலோடு தானாகவே அணைந்தது.

முசெத் காதை ஆட்டிவிட்டு நடந்து வந்தது.

“பாத்தியா! பாத்தியாடா!” என்று ரவ்னா ரகசியக் குரலில் குதித்தாள். நீலாஸ் பார்க்கவில்லை. அவன் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தான். இருபது தரம் இழுத்திருப்பான். மாற்றுப் பிளக் வீட்டில் வேறு கோட்டின் பையில் இருந்தது. கடைசியில் அவன் வண்டியின் என்ஜின் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, அதை ஃபோர்-ஸ்ட்ரோக்கின் பின்னால் கட்டினார்கள். புது வண்டி முனகக்கூடச் செய்யாமல் அவனையும் அவன் வண்டியையும் வீடுவரை இழுத்து வந்தது.

“யாருகிட்டயும் சொல்லக்கூடாது” என்றான் நீலாஸ்.

“எதை? மான் விஷயத்தையா, கட்டி இழுத்ததையா?”

“கட்டி இழுத்ததை.”

பிப்ரவரிக் கடைசியில் மான்வளர்ப்போர் சங்கக் கூட்டத்தில் ரவ்னா இரண்டையும் சொன்னாள். ஆண்கள் கட்டி இழுத்த கதைக்குத்தான் அதிகமாகச் சிரித்தார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து சுன்னா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். அவளும் ரவ்னா வயதுக்காரிதான்.

“எல்லாம் கதை” என்றாள் சுன்னா. “எங்க மானுங்க என்ஜின் ஓடுறப்பவே வந்து சீட்டு மேல தலைய வெக்கும்.”

கூடமே ஓவென்று சிரித்தது. அக்காவின் முகம் சுருங்கப்போகிறது என்று நீலாஸ் நினைத்தான். அவளோ நாற்காலியை இழுத்துக்கொண்டு சுன்னாவின் எதிரிலேயே போய் உட்கார்ந்துவிட்டாள்.

“உன் வண்டி என்ன?”

“ஃபோர்-ஸ்ட்ரோக். அஞ்சு வருஷமா.”

“தீனி போடுறப்போ நிறுத்துவியா?”

“எதுக்கு நிறுத்தணும்? அதுபாட்டுக்கு ஓடும்.”

“அப்ப ஓட்டறப்பவும் ஓடுது, போடுறப்பவும் ஓடுது. உன் மானுங்களுக்கு எப்படித் தெரியும், இன்னைக்குத் தொரத்த வந்திருக்கியா, சோறு போட வந்திருக்கியான்னு?”

சுன்னா கட்டியிருந்த கையைப் பிரித்தாள். “அதை நான் யோசிச்சதே இல்ல” என்றாள்.

மறுநாள் காலையிலேயே ரவ்னா நாற்பது கிலோமீட்டர் வண்டியோட்டிக்கொண்டு ஆற்றைத் தாண்டிப் போய்விட்டாள். சுன்னா தீனி போடுவதைத் தள்ளி நின்று பார்த்தாள். என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது, மான்கள் காட்டோரம் நின்றன. சுன்னா சீட்டிலிருந்து எழுந்து காலைக் கீழே வைத்தாள். மொத்த மந்தையும் ஓடி வந்தது.

அன்று மாலை சுன்னாவின் சமையலறையில், அந்தப் பக்கத்து வழக்கப்படி காபியில் பாலாடைக்கட்டியை ஊறவைத்துத் தின்றபடி ரவ்னா சொன்னாள்:

“நாளைக்கு நீ எழுந்திருக்காதே சுன்னா. உக்காந்த எடத்துலேர்ந்தே மூட்டைய உருட்டி விடு, பாப்போம்.”

“நாளைக்குமா?” என்றாள் சுன்னா. “அடியேய், நீ எப்ப வீட்டுக்குப் போறதா உத்தேசம்?”