அடைத்த லைனும் கன்னத்துத் தோலும்

எங்கள் கம்பி ஆலையில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உலவியது: கழிவறைக்குள் போய் செல்போனில் படம் பார்க்கிறான் என்று. நான் மறுக்கவில்லை. மறுத்தால் உண்மையைச் சொல்ல வேண்டிவரும். உண்மையில் உள்ளே நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன். சிறுநீர் நூல் போல வரும். அந்த நூலும் இரண்டாகப் பிரிந்து ஒன்று பீங்கானுக்கும் ஒன்று என் ஷூவுக்கும் போகும். முடிந்தது என்று வெளியே வந்தால், இன்னும் இருக்கிறது என்று உள்ளேயிருந்து தகவல் வரும். திரும்பவும் போவேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். ஆலைக்குள் தண்ணீர், எண்ணெய், காற்று ஓடும் குழாயெல்லாம் என் பொறுப்பு. இத்தனை பேர் இருக்க இந்த நோய் என்னைப் பிடித்தது கொஞ்சம் ஓவர்தான்.

காரணம் பல வருடம் முன்னேயே நடந்திருந்தது. ஏணியிலிருந்து வழுக்கி, கீழே கிடந்த இரும்பு உத்தரத்தின் மேல் குதிரை ஏறுகிறவன் மாதிரி காலை விரித்து உட்கார்ந்துவிட்டேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரிக்க முயன்றேன். சிறுநீரில் கொஞ்சம் ரத்தம் வந்தது, நின்றது, நான் மறந்துவிட்டேன். அடிபட்ட இடம் மறக்கவில்லை. சிறுநீர் வரும் பாதையில் தழும்பு கட்டி, வருடக்கணக்கில் மெல்ல இறுகிக்கொண்டே வந்திருக்கிறது. ஸ்ட்ரிக்சர் என்று டாக்டர் பெயர் சொன்னார்.

முதல் தடவை கேமரா விட்டுத் தழும்பைக் கீறி வழி திறந்தார்கள். சில மாதம் நான் ராஜா. பிறகு மறுபடியும் நூல். சுருங்கினால் உடனே வரவேண்டும் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். ஆனால் குழாயைப் பற்றி எனக்கே ஒருவர் சொல்ல வேண்டுமா? ஆலையில் கூலிங் வாட்டர் லைன் லேசாக அடைத்தால் நாங்கள் உடனே கழற்றிப் போடுவதில்லை. பம்பு பிரஷரைக் கூட்டுவோம், அழுக்கு பிய்த்துக்கொண்டு போய்விடும். அதே வைத்தியத்தை எனக்கும் பார்த்துக்கொண்டேன். காலையில் வாழைத்தண்டுச் சாறு, அப்புறம் மோர், இளநீர், நடுநடுவே பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர். கூட வேலை பார்க்கும் கிரேன் ஆபரேட்டர் கேட்டார்.

"இன்னா நைனா, ஏரி கணக்கா ரொப்பிக்கினே கீற?"

உடம்புச் சூட்டுக்கு என்றேன்.

அன்றைக்கு மதியச் சாப்பாட்டுக்குள் முழுசாக அடைத்துக்கொண்டது. வெளியே ஒரு சொட்டு இல்லை. உள்ளே மட்டும் நிறைந்துகொண்டே இருந்தது. அடிவயிறு கல்லாகி, நிமிர்ந்து நிற்க முடியாமல் போனபோது கிரேன் ஆபரேட்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கம்பெனி வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். எளாவூர் செக்போஸ்ட் தாண்டி வந்த லாரிகள் ஹைவேயில் வால் பிடித்து நின்றன. அன்றைக்கு அடைபடாதது என்று எதுவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் கீழ்வழியாக டியூப் நுழையவில்லை. தொப்புளுக்குக் கீழே துளை போட்டு, சிறுநீர்ப்பையிலிருந்து நேராக ஒரு டியூப் எடுத்துவிட்டார்கள். எங்கள் தொழிலில் இதை பைபாஸ் லைன் என்போம். வடிய ஆரம்பித்ததும் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஆபரேட்டர் நல்ல மனிதர், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் மனைவி பக்கத்தில் இருக்க, டாக்டரிடம் என் பிரஷர் வைத்தியத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"போற வழி அடைச்சிருக்கும்போது அவ்ளோ தண்ணி குடிச்சா அது பின்னாடிதான் தள்ளும்," என்றார். "ரெண்டு கிட்னியும் வீங்க ஆரம்பிச்சிருக்கு. இப்படியே விட்டா கெட்டுப்போயிடும்."

மருந்து செலுத்தி எடுத்த எக்ஸ்ரேயைக் காட்டினார். வெள்ளையாக, தடிமனாக வந்த கோடு ஓரிடத்தில் மயிரிழையாகிவிட்டது. தழும்பு நீளம், மறுபடி கீறினால் மறுபடி மூடும். கன்னத்தின் உள்பக்கத் தோலைக் கொஞ்சம் எடுத்து அங்கே வைத்துத் தைத்து, பாதையை அகலமாக்குவதுதான் சரியான வழி. வாய்த்தோல் எந்நேரமும் ஈரத்திலேயே இருந்து பழகியது, அங்கேயும் தாங்கும் என்றார்.

புரிந்தது. ஆனாலும் இன்னொரு தடவை கீறியே விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன். இவ்வளவு பெரிய ஆபரேஷன், அதுவும் அந்த இடத்தில். அதற்குப் பிறகு நான் எதற்காவது ஆவேனா? அதைக் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. கேட்டது மனைவிதான். ரேஷன் கடையில் பாமாயில் வந்துவிட்டதா என்று விசாரிக்கிற குரலில், தாம்பத்தியத்துக்குக் கெடுதல் உண்டா என்றாள். பெரும்பாலும் சில மாதத்தில் பழையபடி ஆகிவிடும் என்றார் டாக்டர். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"கேட்டுக்கினியா? கிட்னியே பூட்சின்னா இன்னாத்த வெச்சிக்கினு குடும்பம் நட்த்துவ? கன்னத்துல எட்த்துக்கட்டும். ஒனக்கு வாயி கொஞ்சம் கொறஞ்சா ஊட்டுக்கு நல்லதுதான்."

கையெழுத்துப் போட்டேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு கன்னத்துப் புண்ணால் கஞ்சியும் தயிருமாகத்தான் ஓடியது. வாய் திறந்து பேச முடியவில்லை. அந்த அமைதியை அவள் ஒளிவுமறைவில்லாமல் அனுபவித்தாள். வயிற்றில் ஒன்று, ஆபரேஷனில் கீழ்வழியாக விட்டது ஒன்று என இரண்டு டியூபும் பையுமாகச் சில வாரம் வீட்டில் கிடந்தேன். கைலியைத் தூக்கிக் கட்டி, பையைக் கையில் பிடித்தபடி நடந்தால் ஏதோ பால் வாங்கி வருகிறவன் மாதிரிதான் இருக்கும்.

டியூப் எடுக்கிற நாள் வந்தது. மறுபடி எக்ஸ்ரே பார்த்தார்கள், தையலில் கசிவு இல்லை. கீழே இருந்ததை உருவிவிட்டு, வயிற்று டியூபை மூடி வைத்தார்கள். போய் முயற்சி செய்யச் சொன்னார் நர்ஸ். வராவிட்டால் வயிற்று டியூபைத் திறந்துவிடுவார்கள், இத்தனை பாடும் வீண்.

கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். இந்தத் தடவை சுவரைப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டேன். முதலில் எரிச்சல் மட்டும் வந்தது. பிறகு பீங்கான் அதிர ஒரு சத்தம். கதவுக்கு வெளியே நின்றிருந்த மனைவி தட்டினாள்.

"யோவ், பைப்ப தொறந்து வுட்டுட்டு இன்னா பண்ற? தண்ணி வீணாப் போவுது, மூடு."

"பைப்பு மூடித்தாம்மே கீது," என்றேன். "கொஞ்சம் இரு, இன்னும் வந்துக்கினு கீது."