பனிக்கூடத்துக்குள் வராத அண்ணாச்சி

சவூதியில், தம்மாமில் ஒரு கம்ப்ரெசரின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, சங்கரபாண்டி அண்ணாச்சி இறந்துவிட்டார் என்று வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. துபாயில் மாலுக்குள், செயற்கைப் பனிச்சரிவில் ஜனங்கள் சறுக்கி விளையாடும் அந்தப் பனிக்கூடத்தில் வேலை பார்த்தவர்களும் இன்று பார்க்கிறவர்களும் இருக்கிற குழு. லீவில் அம்பாசமுத்திரம் போனவருக்கு மாரடைப்பாம். கூப்பிய கைகளும் பூக்களும் வந்து குவிந்தன. கொஞ்ச நேரத்தில், அங்கே இப்போது பனி வண்டி ஓட்டுகிற செந்தில் எழுதினான்: "பெல்ட்டைக் குளிர்ல வச்சுத்தான் டைட் பண்ணணும்னு கண்டுபிடிச்ச மனுஷன். அவராலதான் நாங்க உசுரோட ஓட்டுறோம்."

அதைப் படித்ததும் கம்ப்ரெசர் மூடியைக் கீழே வைத்தேன். அண்ணாச்சியைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுது என்று குழுவில் என்னைக் கேட்டவர்களே, இதோ எழுதுகிறேன். நல்ல வார்த்தைக்கு நான் பொறுப்பில்லை.

நம் கூடத்தின் பனி வண்டியைத் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். எஞ்சின் சுற்றுவதை அடியில் இருக்கும் ரப்பர் பட்டைக்குக் கொண்டுபோவதற்கு, பக்கவாட்டில் ஓர் அலுமினியப் பெட்டிக்குள் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு பல்சக்கரங்கள் உண்டு. முதலில் அவற்றைச் சங்கிலி இணைத்தது. பிறகு கம்பெனி சங்கிலியை எடுத்துவிட்டுப் பல் வைத்த பெல்ட் போடச் சொன்னது. பிரேக் இருப்பது மேல் சக்கரத்தின் தண்டில். பெல்ட் பிடி விட்டால் பிரேக்கும் உங்களுடையது இல்லை. ஏற்றத்தில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு இதைவிடப் பெரிய செய்தி உலகத்தில் கிடையாது.

அண்ணாச்சி எங்கள் ஒர்க்‌ஷாப் போர்மேன். வேலை தெரியாதவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். நம் சரிவுக்குக் கம்பெனி கொடுத்த சக்கரம் சரிவராது என்று பார்த்தவுடன் சொல்லி, மேலே சிறிய சக்கரத்தை மாட்டினார். வேகம் குறைந்து இழுவை கூடியது. வண்டி சுமையோடு முனகாமல் ஏறியது. அவரிடம் குறையாக இருந்தது ஒன்றுதான். நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். மாலுக்குப் பின்னால், பனிக்கூடத்தின் பின்வாசலை ஒட்டித் தகரக் கொட்டகை, அதில் ஒரு ஏர்கூலர், அதன் முன்னால் அந்த நாற்காலி. பனிக்கூடத்துக்குள் அவர் காலெடுத்து வைத்து யாரும் பார்த்ததில்லை. "அந்தக் குளிருக்குள்ள மனுசன் போவானால?" என்பார்.

ஆகஸ்ட் மாத வெயிலில், தொட்டால் கை பொசுங்குகிற கொட்டகையில் வைத்து பெல்ட்டை இறுக்கினார். கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, சரி என்றார். சரியாகத்தான் இருந்தது, அங்கே. வெயிலில் அலுமினியப் பெட்டி விரிகிறது, சக்கரங்கள் கொஞ்சம் விலகுகின்றன, பெல்ட் விறைப்பாகத் தெரிகிறது. உள்ளே கொண்டுபோய் நிறுத்தினால் பெட்டி சுருங்கும், பெல்ட் தொய்யும். சரிவில் பாதி ஏறும்போது டக் டக்கென்று பல் தாண்டும். தேரி மணல்மேட்டில் ஏறும் சைக்கிளின் செயின் நழுவினால் காலுக்கு எப்படி இருக்குமோ அப்படி.

அப்போது அந்த வண்டியை ஓட்டியவன் நான். ஜாக்கெட்டோடு ஓடிப்போய் அண்ணாச்சியிடம் சொன்னேன். "அண்ணாச்சி, ஏத்தத்துல பல்லு தாண்டுது. உள்ள வந்து ஒரு தடவ அமுக்கிப் பாருங்க. குளிர்ல வச்சு டைட் பண்ணாத்தான் நிக்கும்."

"ஏல, பெல்ட்டுக்கு என்ன சளியா பிடிக்கும்?"

கொட்டகையே சிரித்தது. வண்டியை வெளியே கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்தேன். டீ குடித்து முடிக்கும்வரை அதை வெயிலில் நிறுத்திவைத்துவிட்டு, பிறகு சாவகாசமாக மூடியைத் திறந்து அமுக்கினார். விண்ணென்று இருந்தது. "பாத்தியால? மெஷின் பொய் சொல்லாது. ஓட்டுறவன்தான் சொல்லுவான். நீ ஆக்சிலேட்டர வெடுக்கு வெடுக்குனு அடிக்காம ஒழுங்கா ஓட்டு." மறுபடியும் சிரிப்பு. இதே கூத்து எத்தனையோ தரம் நடந்தது. ஒவ்வொரு தரமும் அவர் ஜெயித்தார், நான் தோற்று உள்ளே போனேன்.

பிறகு ஒரு காலையில், தடுப்பு வலைச் சுருளை ஏற்றிக்கொண்டு உச்சிக்குப் போகையில், பெல்ட் ஒரேயடியாகத் தாண்டத் தொடங்கியது. பிரேக்கை அழுத்தினேன். வண்டி நிற்கவில்லை, பின்னோக்கிச் சரிந்தது. கீழே பிள்ளைகளின் சறுக்கு வகுப்பு அப்போதுதான் கலைந்திருந்தது. அங்கே யாரும் இருக்க மாட்டார்கள் என்ற எண்ணத்தோடு குதித்தேன். வண்டி தடுப்பில் மோதி நின்றது, என் முழங்கால் கம்பத்தில் மோதி உடைந்தது.

அன்றுதான் அண்ணாச்சி உள்ளே வந்தார். அரைக்கைச் சட்டையோடு, பல் கிட்டிக்க. என்னிடம் வரவில்லை. வண்டியிடம் போனார். மூடியைத் திறந்து கட்டைவிரலை வைத்தார். விரல் புதைவதைப் படுத்த இடத்திலிருந்து பார்த்தேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். மூடியைச் சாத்தினார்.

மேனேஜர் ஓடிவந்து என்ன ஆயிற்று என்று கேட்டபோது அண்ணாச்சி சொன்னது: "சாப், டிரைவர் ரஃப் சலாத்தா ஹை." முரட்டுத்தனமாக ஓட்டுகிறானாம். மேனேஜர் "கலாஸ்" என்றார், முடிந்தது கதை. முழங்கால் கட்டைப் பிரித்த உடனேயே விசாவை ரத்து செய்து ஊருக்கு அனுப்பினார்கள். நாங்கள் தங்கியிருந்த கேம்ப்பிலிருந்து கிளம்பும்போது அண்ணாச்சி வந்து என் தோளைத் தொட்டு, "உனக்கென்னல, வேற நல்ல வேல கிடைக்கும்" என்றார். கையைத் தட்டிவிட்டேன். வண்டியை உடைத்தவன் என்ற பெயரோடு நான் வேலைக்கு அலைந்த கதை இங்கே வேண்டாம்.

செந்திலின் செய்தியைப் படித்ததும் அவனைக் கூப்பிட்டேன். அவன் எனக்குப் பிறகு சேர்ந்தவன், பாவம், ஒன்றும் தெரியாது. "ஆமாண்ணே, நான் வந்ததுலேர்ந்து அப்படித்தான். வண்டிய உள்ளயே நிப்பாட்டி நல்லா குளிர விட்டு, காலைல ஜாக்கெட் போட்டுக்கிட்டு அவரே வருவாரு. வேற யாரையும் தொட விடமாட்டாரு. கை வெடவெடன்னு நடுங்கும், ஆனா வருவாரு."

"இப்படிச் செய்யணும்னு யார் சொன்னதுன்னு சொன்னாராடா?"

"கேட்டிருக்கேன்ணே. 'ஒரு வண்டி சறுக்கினதப் பாத்தேம்ல'ம்பாரு. அவ்ளோதான்."

வண்டி சறுக்கியதாம். வண்டி மேலே யார் உட்கார்ந்திருந்தது அண்ணாச்சி? ஆள் இல்லாமல் தானாக ஏறிப்போய்த் தானாகச் சறுக்கியதா? பெல்ட் விஷயத்தில் திருந்தினீர்கள். என்னைப் பற்றி ஒரு வார்த்தை, அதே மேனேஜரிடம், அதே அரைகுறை ஹிந்தியில் சொல்லியிருந்தால் போதும். அது உங்கள் வாயில் வரவில்லை. குழுவில் பூப் போடுகிறவர்கள் போடட்டும். அந்தச் சரிவில் வண்டி நின்றால் அவர் புண்ணியம் என்று கும்பிடுகிறவர்கள் கும்பிடட்டும். பெல்ட்டைக் குளிரில் வைத்து இறுக்கச் சொன்னவன் நான். சொன்னதற்காக வெளியே போனவனும் நான்தான். அது உங்கள் எல்லோருக்கும் தெரியட்டும்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்று உண்டு. இங்கே நானும் இப்போது போர்மேன். எனக்கும் ஏர்கூலர் முன்னால் ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். ஓட்டுகிறவன் வந்து "அண்ணே, ஒரு மாதிரி சத்தம் வருது" என்றால், டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து அவன் பின்னாலேயே போகிறேன். பாதி நேரம் ஒன்றும் இருக்காது. போய்விட்டு வரும்போது டீ ஆறியிருக்கும்.

பத்தடி தூரம்தான், அண்ணாச்சி. எழுந்து வந்திருக்கலாம்.