ஐம்பது கிலோ வரை கடை உண்டு

"தராசு பொய் சொல்லும், வியாபாரி பொய் சொல்லுவான், சர்க்காரைப் பத்திக் கேக்கவே வேண்டாம். ஆனா இந்தச் சாம்பசிவன் வாயிலேர்ந்து ஒரு கிராம் பொய் எடை வந்ததில்லை, வரப்போறதும் இல்லை. ஸ்ரீபத்மநாபனே வந்து தராசுல ஏறினாலும் முள் எங்க நிக்கறதோ அதைத்தான் சொல்லுவேன்!"

பத்து வருஷங்களுக்கு முன், எடையளவுத் துறை இன்ஸ்பெக்டராக ஓய்வுபெற்ற அன்று, திருவனந்தபுரம் அலுவலகத்தின் பிரிவுபசாரக் கூட்டத்தில் சாம்பசிவன் விடுத்த பிரகடனம் இது. மலையாளத்தில் தொடங்கிய பேச்சு, உணர்ச்சி மிகுதியில் வலியசாலை அக்ரஹாரத்துத் தமிழுக்கு வழுக்கிவிட்டிருந்தது. முன்வரிசையில் மிக்சர் தின்றுகொண்டிருந்த ஒருவர், "பத்மநாபன் படுத்துண்டுன்னா இருக்கார், எப்படி ஏறுவார்?" என்று கேட்டார். "படுத்த வாக்குலயே நிறுக்க ஏற்பாடு பண்ணலாம்" என்று சாம்பசிவன் சிரிக்காமல் பதில் சொன்னார். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. சிரிக்கிறவன் எதையோ மறைக்கிறான் என்பது அவர் கொள்கை.

இந்தக் கொள்கையில் அவர் விதிவிலக்கு வைத்ததில்லை. கேஸ் சிலிண்டர் வந்தால் வாசலிலேயே எடை போடப்படும். பால் பாக்கெட் அளவுக் குவளையில் ஊற்றிப் பார்க்கப்பட்ட பிறகே அடுப்பைக் காணும். பெண் பார்க்கப் போன வீட்டில், ஜெயலக்ஷ்மியின் உயரம் ஐந்தடி மூன்றங்குலம் என்று அவள் அப்பா சொன்னபோது, அவள் நின்ற இடத்துக்குப் பின்னாலிருந்த காலண்டரைக் குறி வைத்துக்கொண்டு, எல்லாரும் பஜ்ஜியில் இருந்த நேரத்தில் எழுந்துபோய் ஜாண் போட்டுப் பார்த்தவர் அவர். அரை அங்குலம் குறைந்தது. முப்பத்தெட்டு வருஷமாகியும் அதை மறக்கவில்லை. ஜெயலக்ஷ்மியும் மறக்கவில்லை, வேறு காரணத்துக்காக.

இப்படிப்பட்டவருக்கு ஒரு சிநேகிதர் இருந்தார் என்பதை ஊர் நம்ப மறுத்தது. அவர் ஒரு பலசரக்கு வியாபாரி என்பதைச் சாம்பசிவனே சில நாள் நம்ப மறுத்தார்.

சாலைக் கம்போளச் சந்தையில் கடை வைத்திருந்த திரவியத்தின் பூர்வீகம் நாகர்கோவில் வடசேரி. தொண்ணூற்றொன்றில் அந்தக் கடைக்குள் நுழைந்த சாம்பசிவன், இருநூறு கிராம் படிக்கல் ஒன்று இரண்டு கிராம் குறைவாக இருப்பதைக் கண்டுபிடித்துப் பறிமுதல் செய்தார். திரவியம் கெஞ்சவுமில்லை, வாதாடவுமில்லை.

"கல்லை எடுத்துட்டுப் போங்க சாமி. கூடவே ஒரு காப்பியும் குடிச்சிட்டுப் போங்க."

காப்பி லஞ்சம். ஆனால் அந்தக் கடை வாசனையும் அந்த ஆளின் பேச்சும் சட்டத்தில் எந்தப் பிரிவிலும் வராததால், சாம்பசிவன் ஒரு வழி கண்டார். மாலை ஐந்து மணிக்கு வீட்டிலிருந்து பிளாஸ்கில் சொந்தக் காப்பியைக் கொண்டுவந்து, கடை ஸ்டூலில் உட்கார்ந்து குடித்தார். இருபத்திரண்டு வருஷம் அப்படியே நடந்தது. ஓய்வுபெற்ற மறுநாள்தான் பிளாஸ்க் இல்லாமல் வந்து, "இப்ப சொல்லும் ஓய், உம்ம காப்பியை" என்றார்.

"ஆறிப் போச்சே சாமி, தொண்ணூத்தொண்ணுல போட்டதுலா" என்றார் திரவியம்.

போன வருஷம் ஓணம் முடிந்த வாரம்தான் முதல் தடயம் கிடைத்தது. திரவியம் கடையில் வாங்கிய ஒரு கிலோ துவரம்பருப்பை வழக்கம்போல வீட்டுத் தராசில் வைத்தார் சாம்பசிவன். ஒரு கிலோ அறுபது கிராம். மறு வாரம் அரைக் கிலோ மல்லி வந்தது. ஐந்நூற்று நாற்பது.

"ஏன்னா, கூடத்தானே இருக்கு? பேசாம டப்பால கொட்டட்டுமா?" என்றாள் ஜெயலக்ஷ்மி.

"குறைச்சுக் குடுக்கறவன் மனுஷன். காரணம் தெரியறது. கூடக் குடுக்கறவனை எப்படி நம்பறது?"

காரணம் என்னவாக இருக்கும் என்று அவர் மூன்று நாள் யோசித்தார். கார்ப்பரேஷன் தேர்தலில் வார்டுக்கு நிற்கப் போகிறானா? கடையை யார் தலையிலாவது கட்டுவதற்காகக் கூட்டம் காட்டுகிறானா? தடயங்கள் பெருகின. ஜெயலக்ஷ்மிக்கு ஒரு பொட்டலம் முந்திரிப்பருப்பு சும்மா வந்தது. விடைபெறும்போது திரவியம் அவர் கையை ஒரு நிமிஷம் கூடுதலாகப் பிடித்திருந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, வியாழக்கிழமைகளில் கடையைப் பூட்டிவிட்டு, "விதுரைக்குக் குருமுளகு எடுக்கப் போறேன்" என்று ஆட்டோவில் ஏறிப் போனார். விதுரை பொன்முடி போகிற மலைச்சாலையில் இருக்கிற சந்தை ஊர். மிளகு அங்கே கிடைக்கும், சரி. ஆட்டோவிலா அவ்வளவு தூரம் போவான் ஒரு வியாபாரி? சட்டையும் இப்போது தொளதொளவென்று போடுகிறான். வாலிபம் திரும்புகிற வயதில்தான் மனுஷன் தையல் மாற்றுகிறான்.

சாம்பசிவனுக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. விதுரையில் இன்னொரு குடித்தனம்.

அடுத்த புதன்கிழமை கூலிங் கிளாஸும் குடையுமாகக் கிளம்பி, நெடுமங்காடு வழியாக பஸ்ஸில் விதுரை போய் இறங்கினார். மிளகுக் கடைகள் நாலில் விசாரித்தார். மூன்று பேருக்குத் திரவியத்தைத் தெரியும். "திரவியம் அண்ணாச்சியா? மாசம் ஆறாச்சே கண்டிட்டு. சுகமாத்தானே இருக்காரு?" என்று அவரையே திருப்பிக் கேட்டார்கள். சந்தேகத்துக்கு இடமான வீடுகளைத் தேடி ரப்பர் தோட்டத்துக்குள் இறங்கியபோது அட்டை ஒன்று அளவே பார்க்காமல் அவர் கணுக்காலில் ரத்தம் எடுத்துக்கொண்டது. வீடு எதுவும் அகப்படவில்லை.

மிச்சமிருந்த சாட்சி ஆட்டோக்காரன் ஷிஜு. சாலை முக்கில் நின்றிருந்தவனிடம் சாம்பசிவன் கேள்வி கேட்கவில்லை. குனிந்து மீட்டரைப் பார்த்தார்.

"சீல் காலாவதி ஆயிடுத்தே."

"சாமீ, நிங்ஙள் ரிட்டயர் ஆயதல்லே?"

"நான்தான் ரிட்டயர். சட்டம் சர்வீஸ்ல இருக்கு. வியாழக்கிழமை அண்ணாச்சியை எங்க கொண்டு விடறே?"

"அது ஞான் பறயில்ல சாமி. அண்ணாச்சி சத்தியம் செய்யிச்சது." ஷிஜு மீட்டரைப் பார்த்தான், சாம்பசிவனைப் பார்த்தான். அப்புறம் குரலைத் தாழ்த்தினான். "மெடிக்கல் காலேஜ் பக்கம். கேன்சர் பாக்கிற எடம். சாமி மேல வலிய பிரியமாணு அண்ணாச்சிக்கு. நிங்ஙள்கிட்ட பறஞ்சிருக்கும்னு ஞான் நெனச்சு."

சாம்பசிவன் மீட்டரை விட்டு நிமிர்ந்தார்.

நேரே கடைக்குப் போனார். ஸ்டூலில் உட்காரவில்லை.

"ஓய், எங்கிட்ட ஏன் மறைச்சீர்?"

திரவியம் பொட்டலம் மடிப்பதை நிறுத்தவில்லை. "சொன்னா ஆதாரம் கேப்பீங்களே சாமி."

"கேக்கத்தான் செய்வேன். எடும் ரிப்போர்ட்டை."

ரிப்போர்ட் வந்தது. கணையம். சாம்பசிவன் அதைப் படிக்கவில்லை, பரிசோதித்தார். எந்த லேப், மெஷினை எப்போது சரிபார்த்தார்கள், கையெழுத்து யாருடையது, தேதி ஏன் மங்கலாக இருக்கிறது. கடைசியில், "டாக்டர் எவ்வளவு நாள்னு சொன்னார்?" என்றார்.

"நாலுலேருந்து ஆறு மாசம்."

"நாலுலேர்ந்து ஆறா? அதென்ன கணக்கு? ரெண்டு மாசம் முன்னபின்னயா? ஒரு கிலோவுக்கு அரைக் கிலோ முன்னபின்ன இருக்கலாம்னு எந்தச் சட்டத்துல இருக்கு? அந்த டாக்டர் மேல கேஸ் போடலாம் ஓய்!"

"போடுங்க. தீர்ப்பு வாறதுக்குள்ள நான் போயிருவேன்."

சாம்பசிவன் ரிப்போர்ட்டை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"பருப்பு ஏன் அறுபது கிராம் கூட?" என்றார் சாம்பசிவன். விசாரணை முடியவில்லை.

"முப்பத்தஞ்சு வருசமா ஆளுக்கு என்னென்ன கொறஞ்சுதோ, யாரு கண்டா? கொஞ்சம் கூட்டிப் போடுதேன்."

"தராசு எந்தப் பக்கம் சாஞ்சாலும் தப்பு தப்புதான்."

"அதுக்காவத்தான் சாமி, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்." திரவியம் பொட்டலத்தைக் கீழே வைத்தார். "வீட்டுல எல்லாரும் பொய்யா சொல்லுகா. மவன் துபாயிலேருந்து போன் போட்டு, அப்பா கொரல் தெளிஞ்சிருக்குங்கான். டாக்டரு சிரிக்காரு. வீட்டுக்காரி பொன்னம்மை வேட்டிய ரெண்டு சுத்து கூடச் சுத்திக் கெட்டிவிட்டுட்டு, சரியாத்தான் இருக்குங்கா. நான் எங்க நிக்கேன்னு எனக்கே தெரியல. வாராவாரம் என்னை நிறுத்து உள்ளதைச் சொல்லணும். இந்த ஊர்ல உங்களை விட்டா ஆளு கெடையாது."

"தெரிஞ்சு என்ன பண்ணப் போறீர்?"

"அம்பது கிலோவுக்குக் கீழ போனா அன்னைக்கே கடையப் பூட்டிருவேன். வடசேரியில அக்கா வீட்டுல போயிக் கெடந்துக்கிடுதேன். நீங்க அங்க வந்து பாக்கப்பிடாது, கேட்டேளா. நான் கெடக்கத நீங்க பாக்கப்பிடாது. அம்பது வரைக்கும் இங்க ஒக்காந்து பேசுவோம். அதோட சரி."

சாம்பசிவன் ஒப்புக்கொண்டார். எழுத்துமூலமாகக் கேட்டிருப்பார், காகிதம் பொட்டலத்துக்குப் போய்விட்டது.

அன்றிலிருந்து வியாழக்கிழமைதோறும், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும், கடையின் பின்கட்டில் மூட்டை நிறுக்கும் மெஷின் மேல் திரவியம் ஏறி நின்றார். எண் தெரிகிற முகம் சாம்பசிவன் பக்கம். செருப்பைக் கழற்றச் சொன்னார்; சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டார்; வெற்றிலைப் பொட்டலத்தை இடுப்பிலிருந்து எடுக்கச் சொன்னார். "நிகர எடை அறுபத்தொன்று முந்நூறு" என்று அறிவித்து ஒரு கறுப்பு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த வாரம் ஐம்பத்தொன்பது. கார்த்திகையில் ஐம்பத்தாறு எண்ணூறு. ஒரு கிராமைக் கூட விட்டுக்கொடுக்கவில்லை.

"மனுசன் சாகக் கெடக்கான். இவரு மூட்டைய நிறுக்க மாதிரி நிறுத்துக் கூவுகாரு" என்று பொன்னம்மை எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். அதற்கப்புறம் சாம்பசிவன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். எண்ணைத் தாழ்த்தவில்லை.

திரவியம் ஒவ்வொரு எண்ணையும் கேட்டுத் தலையை ஆட்டினார். கேட்ட பிறகு அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து கரமனையாற்றின் பழைய வெள்ளத்தைப் பற்றியும், தான் சின்ன வயதில் நாகர்கோவில் பஸ்ஸில் டிக்கெட் இல்லாமல் வந்ததைப் பற்றியும் பேசினார். டிக்கெட் விஷயத்தைச் சாம்பசிவன் கடுமையாகக் கண்டித்தார்.

சிகிச்சையைத் தை மாதத்தில் நிறுத்திவிட்டார்கள். இனி ஆஸ்பத்திரி வேண்டாம், வலிக்கு மட்டும் வீட்டுக்கே வந்து மருந்து கொடுப்போம் என்றார்கள். வியாழன் நிறுவை மட்டும் நிற்கவில்லை. ஐம்பத்து மூன்று. ஐம்பத்தொன்று நானூறு. ஐம்பது அறுநூறு. அந்த வாரம் சாம்பசிவன் வீட்டில் பால் பாக்கெட்டை அளக்கவில்லை. ஜெயலக்ஷ்மி பயந்துபோய் டாக்டரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டாள்.

மாசி மாதத்து வியாழன். ஷிஜுவின் ஆட்டோ கடை வாசல் வரை வந்தது. பொன்னம்மை ஒரு பக்கமும் ஷிஜு ஒரு பக்கமும் பிடித்துக்கொள்ள, திரவியம் பின்கட்டுக்கு வந்தார். பொன்னம்மை காலையிலேயே பெட்டி கட்டி வைத்துவிட்டதாகச் சொன்னாள். யாரிடமும் சொல்லாமல், மெஷினைப் பார்த்துச் சொன்னாள்.

திரவியம் ஏறி நின்றார். எண்கள் ஓடின, தயங்கின, நின்றன.

நாற்பத்தொன்பது அறுநூறு.

சாம்பசிவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். "கொஞ்சம் எறங்கும் ஓய்." பூஜ்யம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். சரியாக இருந்தது. மெஷினின் நாலு கால்களும் தரையில் பதிந்திருக்கின்றனவா என்று குனிந்து பார்த்தார். பதிந்திருந்தன. முப்பது வருஷ சர்வீஸில் எத்தனையோ தராசுகளில் அவர் கண்டுபிடித்த குற்றங்களில் ஒன்றுகூட இந்தத் தராசில் இல்லை. இது அவருக்குப் பெரிய ஏமாற்றம்.

"ஏறும்."

மறுபடியும் நாற்பத்தொன்பது அறுநூறு.

"என்ன சாமி, மெஷின் கேடா?"

"பொறும்."

பொன்னம்மை அவருக்குப் பின்னால் வந்து நின்றாள். அவளுக்கும் எண் தெரிந்தது.

"அம்பது கிலோ இருநூறு" என்றார் சாம்பசிவன்.

திரவியம் உடனே இறங்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே அவரைப் பார்த்தார். கை நிறையப் பருப்பை அள்ளினால் இத்தனை கிராம் என்று சொல்லிவிடக் கூடிய மனுஷர் திரவியம்.

"சாவிக்கொத்து கழிச்சாச்சா?"

"கழிச்சாச்சு."

"பொட்டலம்?"

"அதெல்லாம் கழிச்சுத்தான் சொல்றேன். எறங்கும், நிக்காதேயும்."

திரவியம் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். "பொன்னம்மை, பெட்டிய அவுத்துரு. அடுத்த வியாழன் வரைக்கும் கடை உண்டு."

பொன்னம்மை எண்ணைப் பார்த்தாள். சாம்பசிவனைப் பார்த்தாள். கையை நீட்டி மெஷினின் சுவிட்சை அணைத்தாள்.

சாம்பசிவன் கறுப்பு நோட்டைப் பிரித்து 50.200 என்று எழுதி, தேதி போட்டு, வழக்கத்தைவிடக் கொஞ்சம் சின்னதாகக் கையெழுத்துப் போட்டார்.