இருசம்மாள் சாகமாட்டாள்

தேவகி இருபது வருஷமாக ஒரே நாவலைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறாள். அட்டையும் முதல் நாலு பக்கமும் எப்போதோ போய்விட்டன. பழவேற்காட்டு ஏரியில் புருஷனைப் பறிகொடுத்த இருசம்மாள், ஊர்க்கூட்டத்தில் நின்று அவனுடைய பாட்டைத் தனக்குக் கேட்டு வாங்குகிற கதை. பாடு என்றால் முறை. இன்ன நாள், இன்ன இடத்தில் இன்னார்தான் வலை கட்டலாம் என்று சீட்டுப் போட்டுக் கொடுப்பது. பெண்பிள்ளைக்கு அது கிடையாது.

தன் புருஷனும் போனபோது, தேவகி அந்தப் புத்தகத்தை இடுப்பில் செருகிக்கொண்டுதான் கூட்டத்துக்குப் போனாள். மூன்று கூட்டம் வாய் கிழியப் பேசி, நாலாவதில் வாங்கினாள்.

இறால் ஆயும்போதெல்லாம் அதை மனசுக்குள் படமாக எடுப்பாள். பாட்டு, டான்ஸ் எதுவும் கிடையாது. கடைசியில் இருசம்மாள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வலைக்கம்பு நடுவாள். அவ்வளவுதான் படம்.

நிஜமாகவே அதைப் படமெடுக்க ஆட்கள் வந்தபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. உதவி இயக்குநர் இளவழகனைக் கூப்பிட்டு மீன்குழம்பு ஊற்றினாள்.

"கடைசி சீன் எப்ப தம்பி?"

"நாளைக்கு காலைல, அந்த ரெண்டு கம்பு நிக்குற எடத்துலக்கா. புருஷன் நெனப்புலயே இருசம்மா ஏரில எறங்கி செத்துருவாங்க."

"கதையில அவ சாவலியே."

"படத்துக்கு அழுக வேணும்ல."

"நீ அந்த புக்க படிச்சியா?"

"டைரக்டர் கதைய சொன்னாருக்கா."

தேவகி குழம்புக் கரண்டியைச் சட்டியில் போட்டாள். ஊரையே எதிர்த்துப் பேசியவளைப் பிடித்துத் தண்ணீரில் அமுக்க இவர்கள் யார்? தாலி போனால் பெண் செத்துத்தான் ஆகவேண்டும் என்று எந்தப் பேமானி எழுதி வைத்தான்? அன்றைக்கு இருசம்மாள் செத்திருந்தால், தான் எந்த முகத்தோடு கூட்டத்துக்குப் போயிருப்போம் என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

காலையில் கேமராவும் கதாநாயகியும் கரைக்கு வந்தபோது, கம்பு நிற்கிற அந்த இடத்தில் தேவகி வலை கட்டிக்கொண்டிருந்தாள்.

"தலைவர்கிட்ட பர்மிஷன் வாங்கிட்டோம்மா, கொஞ்சம் நகருங்க" என்றார் டைரக்டர்.

ஊர்த்தலைவர் தேசப்பன் தலையைச் சொறிந்தார். "நான் கரைக்குத்தான் சார் சொன்னேன். தண்ணி இன்னிக்கு தேவகியோட பாடு. நானே எறங்க முடியாது."

தேவகி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இருசம்மா சாவலனு எழுதிக்கினு வா சார். எடம் வுடுறேன்."

சொல்லிவிட்டு, இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி அடுத்த கம்பை நட்டாள்.