ஐந்து கிளைக்கும் ஒரே குரல்

போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு வேண்டியிருந்தது. போடியில் என் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி இல்லாமல் நடக்குமா?

நான் கொச்சி மட்டாஞ்சேரியில், ஞாயிறும் திறந்திருக்கும் ஓர் ஏலக்காய் கம்பெனியில் நெட்வொர்க் பார்க்கிறவன். மேனேஜர் வர்கீஸ் சேட்டன் ஒரே வரியில் சொல்லிவிட்டார்: “ஸ்பீக்கரைச் சரியாக்கிட்டுப் போய்க்கோடா.”

சேட்டன் இங்கே மைக்கில் பேசுவது, விபிஎன் என்ற இணைய இணைப்பு வழியாக எங்கள் ஐந்து கிளைகளிலும் ஒரே நேரத்தில் கேட்க வேண்டும். கேட்டதோ… “ஹலோ… க்ர்ர்… சாக்கு… க்ர்ர்…”

காரணம் சிம்பிள். எங்கள் ரூட்டர் அவர் குரலை ஐந்து காப்பி எடுத்து, கிளைக்கு ஒன்றாக, எங்கள் ஒல்லி லைனில் திணித்துக்கொண்டிருந்தது. திணறாமல் என்ன செய்யும்? களமசேரி குடோனில் நல்ல வேகமான லைன். ஒரே ஒரு காப்பியை அங்கே அனுப்பி, மற்ற நான்கு கிளைகளுக்கும் அங்கிருந்தே காப்பி போகும்படி மாற்றினேன். சனிக்கிழமை மதியம் பார்த்தால், சேட்டனின் தொண்டைச் செருமல்கூடத் திருப்பூணித்துறைக் கிளையில் துல்லியம்!

சேட்டன் குஷியாகி மைக்கைப் பிடித்தார். “நாளைக்கு ஸ்டாக் எடுப்பு. எல்லாரும் வரணும். யாருக்கும் லீவு கிடையாது!”

என் லீவு என்னாவது என்று கேட்க எழுந்தேன். அதற்குள் திருப்பூணித்துறை ஷீபா போனில் பிடித்துக்கொண்டாள்.

“நல்லா இருப்பீங்கண்ணே! இத்தனை நாளா ‘ஒண்ணும் கேக்கல சேட்டா’ன்னு தப்பிச்சிட்டிருந்தோம். உங்களை யாரு இதைச் சரியாக்கச் சொன்னது?”

அடப்பாவிகளா! கரகரப்பைப் பற்றி ஒரு கிளைகூட ஏன் புகார் செய்யவில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

சேட்டனிடம் ஓடினேன். “சேட்டா, எனக்குத் தர்றதா சொன்ன லீவு?”

“சொன்னா சொன்னதுதான். ஆனா, உனக்கு மட்டும் எப்படின்னு மத்தவங்க கேப்பாங்கல்லே? இப்பவே சொல்லிடறேன்.” நான் தடுப்பதற்குள் மைக் அவர் கையில். “வீட்ல காதுகுத்து இருக்கிறவங்களுக்கு மட்டும் லீவு!”

இவ்வளவு தெளிவாகச் சொன்னால் யார் விடுவார்கள்? கொஞ்ச நேரத்தில் ஐந்து கிளைகளிலும் காதுகுத்து! களமசேரி தாமஸுக்கு உடன்பிறந்தவர்களே கிடையாது — அவருக்கும் ஒரு தங்கை மகள் முளைத்துவிட்டாள்.

ஸ்டாக் எடுப்பு அடுத்த வாரத்துக்குப் போயிற்று. சேட்டன் தலையில் கை வைத்துக்கொண்டார். “எடா… அந்தப் பழைய கரகரப்பு திரும்பக் கிடைக்குமா?”

பதில் சொல்லிக்கொண்டு நின்றால் பஸ் போய்விடும். ஓடினேன்.

ஞாயிறு காலை என் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டவள் அழவே இல்லை. அழுதது யார் என்று மட்டும் கேட்காதீர்கள்… தெரிந்தால் சேட்டன் அதையும் மைக்கில் போட்டுவிடுவார்.